சகாயசெல்வியின் வியாழக்கிழமை

திண்டுக்கல் மரியநாதபுரத்தில் சகாயசெல்வி வீடு எது என்று கேட்டால், எந்த சகாயசெல்வி என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயரில் மூன்று பேர் உண்டு. ஒருவர் தையல் கடை வைத்திருக்கிறார். ஒருவர் கோயில் பாடகர் குழுவில் இருக்கிறார். மூன்றாமவரை, "அழுறவங்ககிட்ட உக்காந்து பேசுவாங்களே, அவங்களா?" என்று அடையாளம் சொல்வார்கள். நான் எழுதுவது அந்த மூன்றாமவரைப் பற்றி. அவருக்கு இப்போது ஐம்பது வயது. கணவர் ஜெரோம், பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒரே மகள் லிடியா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள்.

சகாயசெல்வி மனநல ஆலோசகர். கவுன்சிலர் என்று சொன்னால் நம் ஊரில் வார்டு கவுன்சிலர் என்று எடுத்துக்கொள்வார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று மனு எழுதிக்கொண்டு அவரைத் தேடி வந்தவர்கள் உண்டு. அவர் வேலை செய்தது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இயங்கும் சிறிய தொண்டு நிறுவனத்தில். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் செபஸ்தியான் அதை நடத்திவந்தார். வீட்டில் அடிபட்டவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள், நூல் மில்லில் சீரழிக்கப்பட்டுத் தப்பி வந்த பெண்கள் என்று அந்தப் படியேறி வருகிறவர்கள் எல்லோருமே ஏதோ ஒன்றிலிருந்து உயிரோடு மீண்டவர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்பதுதான் சகாயசெல்வியின் வேலை. ஒன்பது வருடம் கேட்டார்.

2016 ஜூன் மாதம். ஒரு பிற்பகல். எதிரே ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவளுடைய உதடு அசைவது மட்டும் தெரிந்தது, குரல் வந்து சேரவில்லை. காது அடைத்துக்கொள்ளவில்லை. மேலே மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டது. கீழே கண்டக்டர் "பழனி, பழனி" என்று கூவுவது கேட்டது. அந்தப் பெண்ணின் குரல் மட்டும் கேட்கவில்லை. அவள் பேச்சை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தாள்.

"அக்கா, ஒங்களுக்கு முடியலையா? நான் வேணா நாளைக்கு வாரேன்."

சொல்லிவிட்டு, எழுந்து வந்து இவருடைய தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். "அடிபட்டு வந்த பிள்ள, எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போகுது. அன்னைக்கு எனக்கு வந்த வெக்கம் சாகுறவரைக்கும் போகாதுனு நெனச்சேன்" என்கிறார் சகாயசெல்வி.

அந்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை என்று காரணம் சொன்னார். செபஸ்தியான் நம்பினார். ஜெரோமிடம் காரணம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு வருடமாக அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வாசல் தாழ்ப்பாளை மனைவி மூன்று தடவை இழுத்துப் பார்ப்பதையும், இரண்டு தெரு தள்ளியிருக்கும் டியூசனுக்கு மகளைத் தனியே அனுப்ப மறுப்பதையும், சோற்றைப் பிசைந்தபடியே எங்கோ பார்த்துக்கொண்டிருப்பதையும். "விட்டுரு செல்வி. போதும்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் சும்மா இருந்தாலும் அந்தக் குரல்கள் வந்தன. இரண்டு மாதம் கழித்து, ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் போன் பேச ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அங்கே சேர்ந்தார். மண்டி முதலாளி பொம்மையன். கேரள வியாபாரிகளிடம் இத்தனை மூட்டை முருங்கை, இத்தனை பெட்டி தக்காளி, லாரி எப்போது புறப்பட்டது என்று சொல்ல வேண்டும். சரக்கு அழுகிவிட்டது என்று அவர்கள் கத்தினால் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆறே மாதத்தில் மலையாளம் பிடிபட்டுவிட்டது.

"ஏனுங்க டீச்சரம்மா, சண்டைக்கு வர்றவன்கூட உங்ககிட்ட பேசுனா சிரிச்சுட்டுப் போனை வைக்கறானுங்க. என்ன மந்திரமுங்க அது?" என்பார் பொம்மையன். வாத்தியார் மனைவி என்பதால் அவருக்கு இவர் டீச்சரம்மா.

மந்திரம் ஒன்றுமில்லை. ஒன்பது வருடம் பழகிய காது. ஆனால் மண்டியில் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. பேருந்தில் ஒரு மணி நேரம் போவதும், அழுகின தக்காளிக்காகச் சண்டை போடுவதும், திரும்பி வந்து தூங்குவதுமாக இரண்டு வருடம் ஓடியது. தாழ்ப்பாளை இப்போது ஒரு தடவைதான் இழுத்துப் பார்த்தார்.

2018இல் ஒருநாள் மத்தியானம், மண்டியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம், சுகன்யா போன் செய்தாள். சகாயசெல்வி விட்டுவந்த நாற்காலியில் உட்கார்ந்த பெண். அப்போது இருபத்தாறு வயது. சமூகப்பணி படித்தவள், கெட்டிக்காரி.

"அக்கா, செத்த நேரம் பேசலாமா? ஒண்ணு கேக்கணும். நீங்க முழங்கால் வலினு போகலைல?"

சகாயசெல்வி போனோடு ஓர் ஓரமாக ஒதுங்கினார்.

"எனக்கு பத்து நாளா ஒரு மாதிரி இருக்குக்கா. ஆளுக படியேறி வர்ற சத்தம் கேட்டாலே கதவச் சாத்திக்கலாமானு இருக்கு. நேத்து ஒருத்தி வரலைனு தகவல் வந்துச்சு, சந்தோசமா இருந்துச்சு. அம்புட்டு கெட்டவளாக்கா நானு?"

லாரியில் மூட்டை விழும் சத்தத்துக்கு நடுவே, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, சகாயசெல்வி அதை முழுசாகக் கேட்டார். ஒரு சொல்கூடத் தவறாமல் கேட்டது.

"நீ கெட்டவ இல்ல. என்னனு எனக்கும் தெரியல. வேலைய மட்டும் விட்டுராத. நான் விசாரிச்சுட்டு வாரேன்" என்றார்.

விசாரிக்க அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் சிவபிரகாஷ். மதுரையில் மனநல நிபுணர். எப்போதோ ஒருமுறை இவர்களுக்கு ஒருநாள் பயிற்சி எடுக்க வந்தவர். இவரைவிட ஒன்பது வயது சின்னவர். பழைய டைரியில் எண்ணைத் தேடி எடுத்துப் பேசினார். தன் கதையையும் சுகன்யாவின் கதையையும், யாரோ இரண்டு பேருக்கு நடந்ததுபோலச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சிவபிரகாஷ் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த ஒம்பது வருசத்துல நீங்க யார்கிட்ட பேசுனீங்க?"

"பேசக்கூடாதே தம்பி. அவங்க சொன்னது ரகசியமாச்சே."

"அவங்க ரகசியம் ரகசியமாவே இருக்கட்டும். அதைக் கேட்டுட்டு உங்களுக்கு என்னாகுது, அதனால நீங்க அவங்ககிட்ட எப்படி நடந்துக்குறீங்க, அதப் பாத்துச் சொல்ல ஒருத்தர் வேணும்ல. பெரிய அதிர்ச்சிய கடந்து வந்தவங்ககூட வேலை செய்றவங்க யாரும் அப்படி ஒருத்தர் இல்லாம செய்யவே கூடாது. இதுக்கு சூப்பர்விஷன்னு பேரு. எனக்கும் பெங்களூர்ல ஒரு அம்மா இருக்காங்க. மாசம் ரெண்டு தடவ அவங்ககிட்ட போய் உக்காருவேன்."

சகாயசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஊரில் சூப்பர்வைசர் என்றால் மில் சூப்பர்வைசர். இயந்திரங்களுக்கு நடுவே விசிலோடு நிற்கிறவன். கழிப்பறைக்குப் போனால் நிமிடம் எண்ணுகிறவன். அவரிடம் வந்து அழுத மில் பெண்களில் பாதிப்பேர் அந்தச் சொல்லைச் சொல்லும்போதே குரல் இறங்கிவிடுவார்கள். அதே பெயரில் ஒரு மருந்தா?

அடுத்த வாரம் அவர் செபஸ்தியானைப் போய்ப் பார்த்தார். திரும்ப வேலைக்கு வருகிறேன், ஆனால் எனக்கும் சுகன்யாவுக்கும் வாரம் இரண்டு மணி நேரம் சூப்பர்விஷன் வேண்டும், அது வேலை நேரத்திலேயே வேண்டும் என்றார். செபஸ்தியான் பதறிவிட்டார்.

"அந்த வார்த்தைய இந்த மாடியில சொல்லாதம்மா. காதுல விழுந்தா, ஏறி வர்ற பிள்ளைக பாதிப் படியிலயே திரும்பிப் போயிரும். அதுவுமில்லாம, ரெண்டு மணி நேரத்துல ரெண்டு பேரப் பாக்கலாம்ல?"

"சார், நாலு வருசத்துல இங்கருந்து எத்தன பேரு போயிட்டாங்க?"

"ஆறு பேரு. ஏன் போறாங்கனே தெரியல. சம்பளம் பத்தலைனு நெனச்சுக்கிட்டேன்."

"எனக்கு முழங்கால்ல ஒண்ணும் இல்ல சார். பொய் சொல்லிட்டுப் போனேன்."

செபஸ்தியான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அன்று நடந்ததை முழுவதும் சகாயசெல்வி சொன்னார். கேட்டு முடித்ததும், "என்னைக்கு வேணும் உங்களுக்கு?" என்றார். வியாழக்கிழமை என்றார் இவர். அன்றிலிருந்து அந்த மாடியில் அதற்கு வியாழக்கிழமை என்பதே பெயராகிவிட்டது.

மண்டியில் விடைபெற்றபோது பொம்மையன், "எப்ப வேணா வாங்க, உங்க போனு உங்களுக்குத்தானுங்க" என்று ஒரு கட்டு முருங்கைக்காயைக் கையில் கொடுத்தார்.

ஒவ்வொரு வியாழனும் மூன்று மணிக்கு சிவபிரகாஷ் செல்போன் திரையில் வருவார். முதலில் சகாயசெல்வி ஒரு மணி நேரம், பிறகு சுகன்யா. சார் என்று கூப்பிடத் தொடங்கியவரை, தம்பி என்றே இருக்கட்டும் என்றார் அவர். முதல் சில வாரங்கள் சகாயசெல்வி நன்றாக நடந்த கேஸ்களை மட்டுமே சொன்னார், பரிசு வாங்கப்போகிற பிள்ளை மாதிரி. சிவபிரகாஷ் தலையாட்டிக்கொண்டே கேட்பார். பிறகு ஒருநாள், கடந்த மூன்று மாதக் குறிப்புகளை, பெயர்களை மையால் அடித்துவிட்டு எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். வாசிக்கச் சொன்னார். சகாயசெல்வி வாசித்தார். பாதியில் நிறுத்தச் சொன்னார்.

"அக்கா, இதுல ஒரு வரி திரும்பத் திரும்ப வருது, கவனிச்சீங்களா? 'தண்ணீர் கொடுத்தேன்.' இதுவரைக்கும் பதினோரு தடவ."

"அழுதா தண்ணி குடுக்கிறது தப்பா தம்பி?"

"தப்பே இல்ல. ஆனா இவங்க யாரும் அந்த எடத்துல அழல. பேசிக்கிட்டு இருந்தாங்க."

சகாயசெல்வி தாள்களைத் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார் என்று ஒருத்தி சொல்கிறாள், தண்ணீர் கொடுத்தேன். குடோனுக்கு வரச் சொன்னான் என்று இன்னொருத்தி சொல்கிறாள், தண்ணீர் கொடுத்தேன். தண்ணீரைக் குடித்த பிறகு பதினோரு பேரில் ஒருத்தர்கூட விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. வேறு எதையோ பேசி முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாசம் என்று நினைத்துச் செய்த காரியம், வாயை அடைத்திருக்கிறது. தன்னால் கேட்க முடியாத இடம் வந்ததும் அவர்களுடைய கையில் டம்ளரைக் கொடுத்திருக்கிறார்.

அவர் மறுபடியும் முதல் தாளிலிருந்து எண்ணத் தொடங்கியதில் முகம் திரையைவிட்டு விலகிப்போக, சிவபிரகாஷ் இரண்டு தடவை "அக்கா?" என்றார்.

"இருக்கேன் தம்பி" என்றார் சகாயசெல்வி. "ஒம்பது வருசமா எத்தன பேருக்குக் குடுத்தேனோ."

"அத இனிமே எண்ண முடியாது. அடுத்த தடவ கை சொம்புகிட்ட போறப்ப என்ன செய்யலாம்னு பேசலாமா?"

அந்த அடுத்த தடவை பத்து நாளில் வந்தது. முத்துப்பேச்சி என்று அவரை இங்கே சொல்கிறேன். உண்மைப் பெயர் அதுவல்ல; எழுதட்டுமா என்று நான் கேட்டபோது, இந்தப் பெயரை வைத்து எழுதுங்கள் என்று அவரே தேர்ந்து கொடுத்தார். அப்போது இருபத்திரண்டு வயது. ஒரு நூல் மில்லில் மூன்று வருடம் வேலை பார்த்து, அங்கிருந்து வெளியேறி ஆறு மாதம் ஆகியிருந்தது. நான்கு தடவை வந்து, மாடு வாங்கியது, தம்பி படிப்பு என்று பேசிவிட்டுப் போனவர், ஐந்தாவது தடவை, "கழிவுப்பஞ்சு வைக்கிற குடோன் ஒண்ணு இருக்குக்கா" என்று தொடங்கினார்.

சகாயசெல்வியின் கை தானாகச் சொம்பை நோக்கி நகர்ந்தது. அவர் அதைப் பார்த்தார். கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். கால் இரண்டையும் தரையில் அழுத்திக்கொண்டார்.

"நான் இங்கதான் இருக்கேன். எதுவரைக்கும் சொல்லணும்னு தோணுதோ, அதுவரைக்கும் சொல்லு. நிறுத்தணும்னா கைய மட்டும் தூக்கு, நிறுத்திக்கலாம். அவசரமே இல்ல."

முத்துப்பேச்சி கையைத் தூக்கவில்லை. பன்னிரண்டு நிமிடம், தரையைப் பார்த்துக்கொண்டு, தடுக்காமல் சொன்னார். மின்விசிறிச் சத்தமும் கண்டக்டர் சத்தமும் அவருடைய குரலும் எல்லாமே சகாயசெல்விக்குக் கேட்டன. சொல்லி முடித்துவிட்டு முத்துப்பேச்சி நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா" என்றார்.

அந்த வருடக் கடைசியில் முத்துப்பேச்சி காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். யாரும் தூண்டவில்லை. தானே பேருந்து ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்து சொன்னார்.

ஊரடங்கு வந்தது. வகுப்புகள் எல்லாம் செல்போனுக்கு வந்துவிட்ட அந்தக் காலத்தில்தான், சிவபிரகாஷ் சொல்லி, ஆலோசகர்களைக் கவனித்துக்கொள்வது எப்படி என்பதற்கான ஒன்றரை வருடப் பயிற்சியில் சகாயசெல்வி சேர்ந்தார். நாற்பத்தைந்து வயதில் பரீட்சை. ஜெரோம் கேள்வித்தாளைப் பார்த்துவிட்டு, "நான் பெயிலாயிருவேன்" என்றார். இவர் தேறினார். 2021 நவம்பரில், தனித்தனியாக இல்லாமல் ஆலோசகர்கள் ஒன்றாக உட்காரும் முதல் குழு கூடியது. அதிலிருந்து வியாழக்கிழமையை நடத்துவது சகாயசெல்வியாயிற்று.

முதல் வியாழனன்று வந்தவர்கள் மூன்று பேர். சுகன்யா. விபத்தில் பிழைத்த லாரி டிரைவர்களோடும் மற்ற ஆண்களோடும் பேசுகிற முகமது பாரூக். புதிதாகச் சேர்ந்த வினோலியா. சோதனைக்கு ஆள் வருகிறார் என்று நினைத்து வினோலியா கோப்புகளுக்கெல்லாம் புது அட்டை போட்டிருந்தாள். பாரூக் வருகைப் பதிவேட்டையே கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இதெல்லாம் அங்கிட்டு வைங்க" என்றார் சகாயசெல்வி. "ஒரு கதை சொல்றேன்." தண்ணீர் கொடுத்த கதையைச் சொன்னார். பதினோரு தடவை என்பதைக்கூட மறைக்கவில்லை. மூவரும் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு சுகன்யா சட்டென்று பேசினாள்.

"நான் போன வாரம் ஒரு அம்மாவைத் திட்டிட்டேன்க்கா. அடிக்கிற புருசன்கிட்டயே திரும்பிப் போயிருச்சு. 'நீ திருந்தவே மாட்டியா'னு கேட்டுட்டேன். அந்தம்மா ஒண்ணுமே பேசாம பைய எடுத்துட்டுப் போயிருச்சு."

வினோலியா தலையைக் குனிந்துகொண்டாள். சகாயசெல்வி சுகன்யாவைக் கண்டிக்கவில்லை. பரவாயில்லை விடு என்றும் சொல்லவில்லை.

"அத சொன்ன நேரத்துல உனக்கு யாரு மேல கோவம்?"

சுகன்யா யோசித்தாள். "எம்மேலதான். மூணு மாசமா வருது. நான் அதுக்கு ஒண்ணுமே செய்யலையோனு."

"அந்தம்மா மூணு மாசமா வந்துக்கிட்டே இருந்துச்சுல்ல? எதுக்கு வந்துச்சு?" என்று பாரூக் கேட்டார். அந்தக் கேள்வி ஒரு மணி நேரம் ஓடியது. மறுவாரம் சுகன்யா அந்த அம்மாவைத் தேடிப் போய், சொன்னது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். அந்த அம்மா முதலில் திகைத்து, பிறகு சிரித்துவிட்டார். "கல்யாணமாகி பதினேழு வருசத்துல எங்கிட்ட மன்னிப்புக் கேட்ட மொத ஆளு நீதான்டி." அடுத்த திங்கட்கிழமை மீண்டும் படியேறி வந்தார். ஐந்து மாதம் கழித்து, பிள்ளைகளோடு தனி வீட்டுக்கும் போனார்.

இதைக் கேள்விப்பட்ட செபஸ்தியான் சகாயசெல்வியை அழைத்தார். வியாழக்கிழமை பேசுவதைச் சுருக்கமாக எழுதித் தரச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதம்மா. யாருக்கு முடியலைனு தெரிஞ்சா அவங்களுக்கு வேலையக் கொறைப்பேன்ல."

"எழுதிக் குடுத்தா அடுத்த வாரம் எல்லாரும் கோப்புக்கு அட்டை போட்டுட்டு வருவாங்க சார். ஒரு பய வாய் தொறக்க மாட்டான். நான் தேதியும் எத்தன பேரு வந்தாங்கனும் எழுதுறேன். நம்மள நம்பி வந்தவங்களுக்கு எங்களால ஆபத்துனு தெரிஞ்சா மட்டும் உங்ககிட்ட வருவேன். வரப்போறேன்னு அந்த ஆள்கிட்ட மொதல்ல சொல்லிட்டுத்தான் வருவேன்."

முப்பது வருடம் பதிவேடுகளைத் திருத்திப் பழகியவர் செபஸ்தியான். இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் அந்த அறைக்கு அவரே ஒரு திரைச்சீலை வாங்கி மாட்டினார்.

முத்துப்பேச்சியின் வழக்கு 2023இல் மகளிர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. கூடவே இருந்து அவரைத் தயார்ப்படுத்தும் பொறுப்பு சகாயசெல்விக்கு. ஒரு வியாழனன்று அதைப் பற்றிக் குழுவில் பேசினார். எதிர்த்தரப்பு வக்கீல் என்ன கேட்பார், இவள் என்ன சொல்ல வேண்டும், எங்கே தடுமாறுவாள் என்று விடாமல் பேசிக்கொண்டே போனார். பாரூக்தான் குறுக்கிட்டார்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? அரை மணி நேரமா கேஸ் ஜெயிக்கணும்னு பேசுறீங்க. அவங்களுக்கு என்ன வேணும்னு இன்னும் சொல்லலையே."

சகாயசெல்வி நிறுத்தினார். கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "மாட்டிக்கிட்டேன்" என்றார். வினோலியா கைதட்டியே விட்டாள். மறுநாள் முத்துப்பேச்சியிடம் கேட்டார்.

"ஜெயிக்கிறதும் தோக்கிறதும் வக்கீல் பாடுக்கா" என்றார் அவர். "அவன் மூஞ்சிக்கு நேரா ஒரு தடவ சொல்லணும். நடுங்காம சொல்லணும். அம்புட்டுத்தான்."

அதற்குத் தயாரானார்கள். நீதிமன்றம் காலியாக இருந்த ஒரு மாலையில் போய்க் கூண்டில் நின்று பார்த்தார்கள். மூச்சை எப்படி விடுவது, கால் நடுங்கினால் எதைப் பிடித்துக்கொள்வது என்று பழகினார்கள். என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பற்றி சகாயசெல்வி ஒரு சொல்லும் பேசவில்லை.

விசாரணை மூடிய அறையில் நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவனைப் பார்க்காமல் இருக்கத் திரை வைக்கலாம் என்றார்கள். முத்துப்பேச்சி வேண்டாம் என்றார். குறுக்கு விசாரணை இரண்டு மணி நேரம் நீண்டது. கடைசியில் எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தினார்.

"உண்மையாவே நடந்திருந்தா, அன்னைக்கே மில்லுல யார்கிட்டயாவது ஏன் சொல்லல?"

முத்துப்பேச்சி கூண்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்தார். நேராக அவனைப் பார்த்தார்.

"எந்தப் புகாரா இருந்தாலும் சூப்பர்வைசர்கிட்டதான் சொல்லணும்னு சுவத்துல எழுதிப் போட்டிருந்தாங்க. இந்தா நிக்கிறானே, இவன்தான் சூப்பர்வைசர்."

நீதிபதி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் குனிந்து அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார். மூன்று மாதம் கழித்து வந்த தீர்ப்பில் பத்து வருட சிறை. தீர்ப்பன்று முத்துப்பேச்சி வரவில்லை. அவருக்கு வேண்டியது விசாரணையன்றே கிடைத்துவிட்டது. போனில் செய்தி சொன்னபோது, "அப்படியாக்கா, நல்லது. மாடு கன்னு போட்டிருக்கு, சீம்பால் குடுத்துவிடுறேன்" என்றார். மறுநாள் சீம்பால் வந்தது. அந்த மாடியில் ஐந்து பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள்.

செய்தி மெதுவாகப் பரவியது. தீர்ப்பைவிட இன்னொரு செய்திதான் மற்ற நிறுவனங்களை ஆச்சரியப்படுத்தியது. குழு தொடங்கியதிலிருந்து அந்த மாடியிலிருந்து ஒருவர்கூட வேலையை விட்டுப் போகவில்லை. ஆலோசகர்கள் வருடத்துக்கு ஒருவராவது காணாமல் போகிற துறையில் இது எப்படி என்று பழனியிலிருந்து ஒருவர் கேட்டார். நிலக்கோட்டையிலிருந்து ஒருவர் கேட்டார். கேட்டவர்களிடமெல்லாம் செபஸ்தியான், "வியாழக்கிழமை இருக்குல்ல" என்று பதில் சொல்ல ஆரம்பித்தார். ஐந்து நிறுவனங்கள், தங்கள் ஆலோசகர்களுக்கு வாரம் இரண்டு மணி நேரம் இதற்காக ஒதுக்குவோம், அது வேலை நேரமே என்று எழுதிக் கையெழுத்திட்டன. பழனிப் பக்கத்துக் குழுவை நடத்த இப்போது சுகன்யா போகிறாள். ஒரு காலத்தில் ஆள் வரவில்லை என்று சந்தோஷப்பட்ட சுகன்யா.

இந்த ஆண்டு ஜனவரியில் எல்லோரும் ஒரே இடத்தில் சந்திக்கலாம் என்று ஒரு பள்ளிக்கூட அரங்கைக் கேட்டு வாங்கினார்கள். அறிமுகக் கூட்டம்தானே, பத்துப் பேர் வந்தால் அதிகம் என்று சகாயசெல்வி நினைத்திருந்தார். பத்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள். பின்னால் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவில் வேலை செய்கிறவர்கள், பள்ளி ஆலோசகர்கள், குழந்தைகள் இல்லத்திலிருந்து இருவர், தொப்பம்பட்டியிலிருந்து மூன்று பேருந்து மாறி வந்த ஒருவர். சகாயசெல்வியையும் சேர்த்து மொத்தம் முப்பத்தொரு பேர்.

"சேர் பத்தாதே!" என்றாள் வினோலியா.

எழுபது வயது செபஸ்தியான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்து வகுப்பறையிலிருந்து தலைக்கு மேல் இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாரூக் பெஞ்சையே இழுத்துவந்தார். வட்டம் பெரிதாகிக்கொண்டே போய்ச் சுவரில் இடித்தது. மேடையில் ஏறிப் பேசுங்கள் என்று யாரோ மைக்கைக் கொடுத்தார்கள். சகாயசெல்வி அதை வாங்கி அணைத்து வைத்துவிட்டு, வட்டத்தில் கிடைத்த ஓர் இடத்தில் உட்கார்ந்தார்.

தொப்பம்பட்டிக்காரர் மெல்ல எழுந்து நின்றார். "ஏனுங்க, வந்ததும் கேக்கறேன்னு நெனைக்காதீங்க. எனக்கு ஒரு கேஸ் இருக்குதுங்க. ஒரு வருசமா யார்கிட்டயும் சொல்லலைங்க."

"எந்திரிக்க வேணாம்" என்றார் சகாயசெல்வி. "உக்காந்தே சொல்லுங்க. நாங்க முப்பது பேரு இருக்கோம்."